காட்டுக் காளான்: ஊரில் பழகிய கண்ணை இங்கே நம்பவேண்டாம்



ஆவணி, புரட்டாதி மாதங்களில் சுவிஸ் காட்டுப் பாதைகளில் கூடையும் கையுமாக ஆட்கள் குனிந்து குனிந்து நடப்பதை நீங்கள் கண்டிருப்பீர்கள். காளான் பறிக்க வந்தவர்கள் அவர்கள். மழை விட்டு இரண்டு மூன்று நாள் வெயில் எறித்தால் கூட்டம் இன்னும் கூடும். எங்கட ஆட்கள் இருக்கிற முகாம்கள் பல ஊருக்கு வெளியே, காட்டோரமாகத்தான் இருக்கின்றன. கையில் கிடைக்கிற காசு கொஞ்சம். கடையில் காளான் விலையைப் பார்த்தால் வாங்க மனம் வராது. காட்டிலோ சும்மா முளைத்து நிற்கிறது. "ஊரிலயும் பறிச்சுச் சாப்பிட்டனாங்கள்தானே" என்று நினைப்பு வருவது இயல்பு.

போன வருடம் ஐப்பசியில் ஒரு தம்பி எங்கள் ஆலோசனை நிலையத்துக்கு வந்தார். நாட்டுக்கு வந்து நாலு மாதம். தனக்கு வந்த கடிதம் ஒன்றை வாசித்துச் சொல்லச் சொல்லித்தான் வந்தவர். கையில் ஒரு பிளாஸ்ரிக் பை. "அக்கா, வைக்கோல் காளான். முகாமுக்குப் பின்னால நிறைய நிக்குது. பின்னேரம் நாங்கள் நாலு பேர் கறி வைக்கப் போறம், உங்களுக்கும் கொஞ்சம் கொண்டு வந்தனான்" என்றார். பார்க்க நல்ல வடிவான காளான். மணமும் மோசமில்லை. எனக்குக் காளானைப் பற்றி அப்போது ஒன்றும் தெரியாது. ஆனால் எங்கள் கிராமசபையில் காளான் பரிசோதகர் ஒருவர் இருக்கிறார் என்பது மட்டும் தெரியும். கடிதத்தை மேசையில் வைத்துவிட்டு இரண்டு பேருமாக அங்கே போனோம்.

அந்த அம்மா பையை மேசையில் கொட்டினார். மூன்று காளானைத் தனியே எடுத்து வைத்தார். பிறகு எங்களைப் பார்த்துக் கேட்ட முதல் கேள்வி, "இதில் யாராவது ஏற்கெனவே சாப்பிட்டார்களா?" இல்லை என்றதும்தான் கதிரையில் இருந்தார். அந்த மூன்றில் ஒன்றே ஒருவரைக் கொல்லப் போதும் என்று சொன்னார். பையில் இருந்த முழுவதையும் அங்கேயே வாங்கி எறிந்துவிட்டார். ஏனென்றால் நச்சுக் காளானின் துண்டுகள் நல்லதோடு கலந்திருக்கும்.

அந்தத் தம்பி விளையாட்டுப் பிள்ளை இல்லை. வன்னியில் வளர்ந்தவர், காடு தெரிந்தவர். இங்கே ஆபத்தில் மாட்டுகிறவர்கள் பெரும்பாலும் இப்படிக் காடு தெரிந்த ஆட்கள்தான். பட்டணத்தில் பிறந்தவன் காட்டுக் காளானைத் தொடவே மாட்டான்.

ஊரில் தெரிந்தது ஏன் இங்கே உதவாது?

எங்கட ஊர்ப் பக்கத்தில் ஆட்கள் விரும்பிப் பறிக்கிற காளான்களில் முதலாவது புற்றுக் காளான். கறையான் புற்றிலும் புற்றுக்குப் பக்கத்திலும் மழைக்குப் பிறகு கூட்டமாக வரும். இதைக் கறையான்தான் வளர்க்கிறது என்று சொன்னால் சிலர் நம்பமாட்டினம். இலை, மரத்தூள் எல்லாவற்றையும் மென்று புற்றுக்குள் தேன்கூடு மாதிரி ஒன்றைக் கறையான் கட்டுகிறது. அதில் இந்தப் பூஞ்சணம் வளருகிறது, கறையான் அதை உண்கிறது. மழைக்காலத்தில் அதுவே நிலத்துக்கு மேலே குடையாக வருகிறது. அதனால்தான் இந்தக் காளானை மெதுவாக இழுத்தால் காம்பின் அடி வேர் மாதிரி நீண்டு நிலத்துக்குள் போய்க்கொண்டே இருக்கும். அது போய் முடிகிற இடம் கறையான் கூடு.

இப்போது யோசித்துப் பாருங்கள். அம்மாவும் அம்மம்மாவும் காளானை அடையாளம் கண்டது குடையின் நிறத்தை மட்டும் பார்த்தா? புற்று எங்கே இருக்கிறது, போன வருடம் எந்த இடத்தில் வந்தது, எந்த மழைக்கு வந்தது, வேர் எவ்வளவு நீளம் என்று இடத்தையும் காலத்தையும் சேர்த்துத்தான் பார்த்தார்கள். இந்தச் சாதிக் காளான் ஆபிரிக்காவிலும் ஆசியாவிலும் மட்டும்தான் இருக்கிறது. சுவிஸ் காட்டில் அந்தக் கறையானும் இல்லை, புற்றும் இல்லை, ஆகவே அந்தக் காளானும் இல்லை. இங்கே நீங்கள் காணும் 'அதே மாதிரி' காளான் வேறு ஏதோ ஒன்று.

அடுத்தது வைக்கோல் காளான். வைக்கோல் குவியலில், உக்கிய வாழைக் குப்பையில் வரும். சூடும் ஈரமும் உள்ள நாட்டுக்கு உரியது. முதலில் சின்ன முட்டை மாதிரி இருக்கும், பிறகு முட்டைத் தோல் வெடித்துக் குடை வெளியே வரும், தோல் காம்பின் அடியில் ஒரு பை மாதிரி நிற்கும். பிரச்சினை இங்கேதான் இருக்கிறது. ஐரோப்பாவில் அதிகம் பேரைக் கொல்லும் காளானும் முட்டையாகத்தான் தொடங்குகிறது. அதற்கும் அடியில் அதே மாதிரி ஒரு பை.

கொல்லும் காளான்

ஜேர்மன் மொழியில் இதன் பெயர் க்னொலென்பிளெட்டர்பில்ஸ். பிரெஞ்சில் அமனித் பலோயிட் என்பார்கள். ஆங்கிலத்தில் 'டெத் காப்', அதாவது மரணத் தொப்பி. உலகத்தில் காளான் சாப்பிட்டு இறக்கிறவர்களில் பெரும்பாலோர் இறப்பது இதனால்தான்.

குடை 5 முதல் 15 சென்ரிமீற்றர் அகலம் வரும். நிறம் சாம்பல் கலந்த பச்சை, அல்லது மஞ்சள் கலந்த பச்சை. சிலது வெளிறி ஏறக்குறைய வெள்ளையாகவே இருக்கும், ஆகவே 'பச்சையாக இல்லை, பயமில்லை' என்று எடுக்கவேண்டாம். குடையைத் திருப்பிப் பார்த்தால் மீனின் செவுள் மாதிரி வரிசையாகத் தகடுகள் இருக்கும். மரணத் தொப்பியில் அவை வெள்ளை, முற்றினாலும் வெள்ளைதான். வைக்கோல் காளானில் முற்ற முற்ற இளஞ்சிவப்பாகும். மரணத் தொப்பியின் காம்பில் மேல்பக்கமாகச் சின்னப் பாவாடை மாதிரி ஒரு வளையம் தொங்கும். வைக்கோல் காளானில் வளையம் இல்லை. அடியில் பை இரண்டிலும் உண்டு.

இதை வாசித்துவிட்டு "அப்ப வளையம் இல்லாவிட்டால் சாப்பிடலாம்" என்று யாரும் முடிவு எடுக்கக்கூடாது. வளையம் கிழிந்து விழுந்திருக்கலாம். அடிப்பை மண்ணுக்குள் புதைந்திருக்கும். காம்பை மேலாக ஒடித்து எடுத்தால் பை மண்ணோடு போய்விடும், முக்கியமான அடையாளமும் போய்விடும். அந்தத் தம்பியின் பையில் பாதிக்கு மேல் அப்படி ஒடித்தவைதான். முட்டைப் பருவத்தில் பறித்தாலோ வெளியே பார்த்து ஒன்றுமே சொல்லமுடியாது.

ஓக், பீச் போன்ற மரங்களின் வேரோடு சேர்ந்து இது வளருகிறது. அதனால் நடுக்காட்டில் மட்டும் இல்லை, பூங்காவில், வீதியோர மரத்தடியில், முகாம் வளவுக்குள்ளும் வரலாம். ஆடி மாதம் தொடங்கிக் கார்த்திகை வரை காணலாம். தொட்டால் ஒன்றும் செய்யாது, சாப்பிட்டால்தான் நஞ்சு. பிள்ளையள் வாயில் வைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

மணிக்கூட்டைப் பாருங்கள்

இந்தப் பக்கத்தில் வேறு எதை மறந்தாலும் இதை மறக்கவேண்டாம்.

எங்கட வெப்ப நாடுகளில் புல்தரையில் வரும் ஒரு பெரிய வெள்ளைக் காளான் இருக்கிறது. குடையில் மண்ணிறச் செதில்கள், காம்பில் வளையம். செவுள் முதலில் வெள்ளையாக இருந்து பிறகு பச்சையாகும். சாப்பிட்டால் ஒன்று முதல் மூன்று மணித்தியாலத்தில் வயிற்றைப் புரட்டி வாந்தியும் வயிற்றோட்டமும் வரும். பெரிய வேதனை, ஆனால் ஈரலை அழிக்காது, அனேகமாக ஒன்றிரண்டு நாளில் சுகமாகிவிடும். இப்படிப்பட்ட காளானைக் கண்டு பழகியவர்கள்தான் "முதலில் கொஞ்சம் சாப்பிட்டுப் பார், இரண்டு மணித்தியாலத்தில் ஒன்றும் செய்யாவிட்டால் நல்ல காளான்" என்று சொல்லித் தந்தவர்கள். (எங்கட பக்கத்துக் காடுகளும் முழுக்கப் பயமில்லாதவை என்று நினைக்காதீர்கள். 2020 இல் இந்தியாவின் மேகாலயா மாநிலத்தில் காட்டுக் காளான் சாப்பிட்டு ஆறு பேர் இறந்தார்கள்.)

மரணத் தொப்பி அப்படி இல்லை. ருசி நல்லது என்று தப்பிப் பிழைத்தவர்களே சொல்லியிருக்கிறார்கள். இரவு 8 மணிக்குச் சாப்பிட்டால் படுக்கும்போது ஒன்றும் தெரியாது. விடியப்புறம்தான் தொடங்கும். பொதுவாக 8 முதல் 12 மணித்தியாலம், சிலருக்கு 6, சிலருக்கு 24 கூட ஆகும். பிறகு கடுமையான வாந்தி, தண்ணீராகப் போகிற வயிற்றோட்டம், வயிற்று வலி. இதை ஆட்கள் பழைய சாப்பாட்டின் கோளாறு என்று நினைத்துவிடுவார்கள்.

இரண்டாம், மூன்றாம் நாளில் வாந்தி நின்றுவிடும். ஆள் எழும்பி இருந்து தேத்தண்ணி குடிப்பார். வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி. ஆனால் அந்த நேரத்தில்தான் உள்ளே ஈரல் அழிந்துகொண்டிருக்கும். நஞ்சு ஈரலின் கலங்கள் புரதம் செய்வதற்கு வேண்டிய கட்டளையை நிறுத்துகிறது. கலம் கொஞ்சம் கொஞ்சமாகச் சாகிறது. அது மட்டுமில்லை. ஈரல் நஞ்சைப் பித்தத்தோடு குடலுக்கு அனுப்ப, குடல் திரும்ப உறிஞ்சி ஈரலுக்கே அனுப்புகிறது. இப்படிச் சுற்றிக்கொண்டே இருக்கும். மூன்று, நாலு நாள் கழித்துக் கண் மஞ்சளாகும், அறிவு மாறும். அப்போது வைத்தியசாலைக்குப் போனால் சிலருக்கு ஈரல் மாற்றுச் சிகிச்சை ஒன்றுதான் வழி.

நேரத்துக்குப் போனால் நிலைமை வேறு. கரி மருந்து கொடுத்துக் குடலில் உள்ள நஞ்சைப் பிடிப்பார்கள், சேலைன் ஏற்றுவார்கள், சிலிபினின் என்ற மருந்தை ஊசி மூலம் கொடுப்பார்கள். பலர் பிழைத்திருக்கிறார்கள்.

அகதிகளுக்கு நடந்தவை

2015 இலையுதிர் காலத்தில் ஜேர்மனிக்கு வந்த அகதிகள் பலர், கூடுதலாகச் சிரியாவில் இருந்து வந்தவர்கள், இந்தக் காளானைச் சாப்பிட்டு வைத்தியசாலைகளுக்குக் கொண்டுவரப்பட்டார்கள். தங்கள் நாட்டுப் பக்கத்தில் சாப்பிடுகிற ஒரு காளான் என்று நினைத்துத்தான் பறித்தார்கள். ஹனோவர் மருத்துவப் பல்கலைக்கழகம் பல மொழிகளில் எச்சரிக்கைச் சுவரொட்டி அச்சடித்து முகாம்களுக்கு அனுப்பியது.

2021 இல் போலந்தில் நடந்தது இன்னும் துயரம். ஆப்கானிஸ்தானில் இருந்து விமானத்தில் மீட்டுக் கொண்டுவரப்பட்ட ஒரு குடும்பம், வார்சோ நகருக்குப் பக்கத்தில் காட்டோர முகாம் ஒன்றில் இருந்தது. காட்டில் பறித்த காளானில் சூப் வைத்தார்கள். 5 வயதும் 6 வயதுமான இரண்டு சகோதரர்கள் இறந்தார்கள். மூத்தவனுக்கு ஈரல் மாற்றியும் காப்பாற்ற முடியவில்லை. போரில் இருந்து பிள்ளைகளைக் காப்பாற்றிக் கொண்டுவந்த தாய் தகப்பன்.

அவுஸ்திரேலியாவின் கன்பராவில் 2012 தொடக்கத்தில் இரண்டு பேர் இறந்தார்கள். அவர்களில் ஒருவர் தொழிலே சமையல். ஆசிய வைக்கோல் காளான் என்று நினைத்துச் சமைத்ததாகவே அப்போது சொல்லப்பட்டது. ஐரோப்பிய ஓக் மரங்களை நட்ட இடங்களில் இந்தக் காளானும் கூடவே போய்ச் சேர்ந்திருக்கிறது.

ஊர்ச் சோதனைகள்

வெள்ளிக் காசு போட்டுக் கொதிக்க வைத்தால் கறுக்கும், மஞ்சள் போட்டால் நிறம் மாறும், உள்ளி கறுக்கும், புழு பூச்சி தின்றால் மனுசரும் தின்னலாம் என்று எத்தனையோ சொல்லுவினம். ஒன்றும் உண்மை இல்லை. மரணத் தொப்பியின் நஞ்சு வெள்ளியையும் கறுக்க வைக்காது, உள்ளியையும் மாற்றாது. நத்தை தின்றுவிட்டு ஊர்ந்து போகும், ஏனென்றால் அதன் உடம்பு வேறு. அவித்தாலும், பொரித்தாலும், காய வைத்தாலும், குளிர்பெட்டியில் உறைய வைத்தாலும் அந்த நஞ்சு போகாது. உப்புத் தண்ணியில் ஊற வைத்தாலும் காளான் நஞ்சாகவேதான் இருக்கும்.

இப்போது கைத்தொலைபேசியில் படம் எடுத்தால் பெயர் சொல்லும் செயலிகள் வந்திருக்கின்றன. இளம் பிள்ளைகள் அவற்றை நம்புகிறார்கள். அவை பிழை விடுகின்றன. மண்ணுக்குள் இருக்கும் அடிப்பை படத்தில் விழாது, மணம் விழாது. பெயர் அறிந்து ரசிக்கலாம், சட்டியில் போடுவதற்கு அது சாட்சி இல்லை.

பறிக்க ஆசை இருந்தால்

காளான் பறிக்கவே கூடாது என்று நாங்கள் சொல்லவில்லை. சுவிஸ் மக்களே பறிக்கிறார்கள். ஆனால் அவர்களில் கவனமானவர்கள் பறித்ததை நேரே சட்டிக்குக் கொண்டுபோவதில்லை, பரிசோதகரிடம் கொண்டுபோகிறார்கள். ஜேர்மன் பேசும் இடங்களில் 'பில்ஸ்கொன்ட்ரோலே' என்று கேளுங்கள், பிரெஞ்சு பேசும் இடங்களில் 'கொன்த்ரோல் தே ஷாம்பினியோன்'. பல கிராமசபைகளில் உண்டு, இல்லாவிட்டால் பக்கத்து ஊரில் இருக்கும். ஆவணி முதல் ஐப்பசி வரைதான் கூடுதலாகத் திறந்திருக்கும். அனேகமாக இலவசம். உங்கள் விசாவையோ அட்டையையோ பார்க்கிற இடம் இல்லை அது, காளானை மட்டும்தான் பார்ப்பார்கள்.

காளானை ஒடிக்காமல், மெதுவாகத் திருகி அடியோடு எடுங்கள். பிளாஸ்ரிக் பை வேண்டாம், அதற்குள் வியர்த்துப் பழுதாகும். கூடை அல்லது கடதாசிப் பை நல்லது. தெரியாத சாதியை மற்றதோடு கலக்காமல் வையுங்கள். பறித்தது முழுவதையும் கொண்டுபோங்கள், மாதிரிக்கு ஒன்றைக் காட்டிவிட்டு மீதியைச் சமைக்கவேண்டாம். இன்னொன்று, எவ்வளவு பறிக்கலாம் என்பதற்குக் கன்டோனுக்குக் கன்டோன் சட்டம் உண்டு. சில இடங்களில் மாதத்தின் முதல் நாட்களில் பறிக்கவே தடை. தண்டப்பணம் கட்டவேண்டி வரும், முன்கூட்டியே விசாரியுங்கள்.

பரிசோதகர் நல்லது என்று தந்த காளானையும் வடிவாகச் சமைத்தே சாப்பிடவேண்டும். காட்டுக் காளான் பல பச்சையாக நஞ்சு.

சாப்பிட்டுவிட்டால்

சந்தேகம் வந்த அந்த நிமிடமே 145 க்கு அழையுங்கள். இது சுவிஸ் நச்சுத் தகவல் நிலையம், ரொக்ஸ் இன்போ சுவிஸ். 24 மணித்தியாலமும் வைத்திய ஆலோசனை தருவார்கள், ஆலோசனைக்குக் காசு இல்லை. ஆள் மயங்கினால், மூச்சு எடுக்கக் கஷ்டப்பட்டால் 144 அம்புலன்ஸ். யார் சாப்பிட்டது, என்ன வயது, என்ன நிறை, எவ்வளவு, எத்தனை மணிக்கு, இப்போது என்ன செய்கிறது என்று கேட்பார்கள். நேரத்தைக் கட்டாயம் சொல்லுங்கள்.

வாந்தி எடுக்க வைக்கவேண்டாம். உப்புத் தண்ணி, பால் கொடுக்கவேண்டாம். மிச்சக் கறி, வெட்டி எறிந்த அடித்துண்டு, வாந்தி எடுத்திருந்தால் அதையும் ஒரு போத்தலில் போட்டு வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள். அதைப் பார்த்துத்தான் எந்தக் காளான் என்று கண்டுபிடிப்பார்கள். ஒரே சட்டியில் சாப்பிட்ட எல்லோரும் போகவேண்டும். ஒன்றும் செய்யவில்லை என்று சொல்கிறவரும் போகவேண்டும்.

எங்களிடம் வருகிறவர்கள் இரண்டு பயத்தைச் சொல்லுகிறார்கள். ஒன்று காசு. தஞ்சம் கோரியவர்களுக்கும் அடிப்படை மருத்துவக் காப்புறுதி இருக்கிறது. பில் வந்தால் பிறகு எங்களிடம் கொண்டுவாருங்கள், பார்ப்போம். மற்றது, "பொலிசுக்குத் தெரிஞ்சால் என்ர கேசுக்குப் பிரச்சினை வருமோ?" வராது. 145 பொலிஸ் இல்லை. வைத்தியர்கள் உங்கள் விடயத்தை இரகசியமாக வைத்திருக்கச் சட்டப்படி கடமைப்பட்டவர்கள். இந்தப் பயத்தால் விடியும் வரை பொறுத்திருந்தால் அந்த ஆறு ஏழு மணித்தியாலம் திரும்பக் கிடைக்காது.

145 இல் தமிழில் கதைக்கமாட்டார்கள். ஜேர்மன், பிரெஞ்சு, இத்தாலியன், ஆங்கிலம் கதைப்பார்கள். மொழி தெரியாவிட்டால் முகாமில் இரவுக் கடமையில் இருப்பவரை எழுப்புங்கள், வெட்கப்படவேண்டாம். அவரும் இல்லாவிட்டால் கீழே உள்ளதைப் பார்த்து அப்படியே வாசியுங்கள். இந்தத் துண்டை வெட்டிக் குசினிக் கதவில் ஒட்டி வைத்தால் நல்லது.

நான் காளான் சாப்பிட்டேன்:
ஜேர்மன்: இஹ் ஹாபெ பில்ஸெ கெகெஸ்ஸென்.
பிரெஞ்சு: ஜே மான்ஜே தே ஷாம்பினியோன்.

எனக்கு உதவி வேண்டும்:
ஜேர்மன்: இஹ் ப்ராவ்ஹெ ஹில்ஃபெ.
பிரெஞ்சு: ஜே பெஸ்வான் தேத்.

நச்சுத் தகவல் 145. அம்புலன்ஸ் 144.